அன்றைய வெளிச்சம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் உலகத்தின் முடிவு. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். முன்பெல்லாம் என் கணவரும் அண்ணனும் ஒரே கட்சி. செய்தித்தாளை நடுவில் விரித்துவைத்து, எங்கே பூமி அதிர்ந்தது, எந்த நாடு எந்த நாட்டின் மேல் பாய்ந்தது என்று தேடித் தேடி, "பாத்தீங்களா மச்சான்", "பாத்தேன் மாப்ள" என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

சில மாதங்களாகக் கணவர் கட்சி மாறிவிட்டார்.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இயேசுவின் இரண்டாம் வருகையின் நாளில் விசுவாசிகள் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று சபையில் வாலிபர்களுக்கு வகுப்பெடுத்தே 'லிஃப்ட் பிரதர்' என்று பெயர் வாங்கியவர். வேலையில்லாத நேரங்களில் உயரமான கட்டடங்களின் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் உட்கார்ந்து படிப்பார். அப்படிப் படித்த ஏதோ ஒரு சரித்திரப் புத்தகம் அவரைத் திருப்பிப் போட்டுவிட்டது. இயேசு சொன்ன அழிவு இனி வரப்போவதில்லை. அவர் சொன்ன அந்தத் தலைமுறையிலேயே எருசலேம் ரோமர்களால் முற்றுகையிடப்பட்டு, ஆலயம் இடிந்தபோதே வந்துவிட்டது என்கிறார். புதிதாகக் கண் தெரிய ஆரம்பித்தவர்போல் ஒரு சந்தோஷம் அவருக்கு. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார்.

அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று நான் கூடத்தில் இல்லை. பக்கத்து அறையில் முக்காலி போட்டு ஏறி, ஜன்னலை அளந்துகொண்டிருந்தேன். திரைச்சீலை தைப்பது என் தொழில். அண்ணன் மகளுக்கு ஏழாவது மாதம். கணவன் வெளியூர் வேலையில் இருப்பதால் அப்பா வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். பிள்ளை பகலில் தூங்குவதற்கு வெளிச்சம் புகாத துணியாகப் போட்டுத் தைத்துத் தரச் சொல்லியிருந்தாள். கட்டிலை ஒட்டித் தொட்டில். அண்ணனே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது, தன் பெயின்ட் கடையிலிருந்தே பெயின்ட் எடுத்துவந்து பூசியது. வாசனை இன்னும் போகவில்லை.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஆரம்பமாகிவிட்டது.

"நட்சத்திரம் எல்லாம் விழும்னு இருக்கே மாப்ள. அது எங்க விழுந்துச்சு? உங்க லிஃப்ட் குழிக்குள்ளயா?"

"அது தீர்க்கதரிசிங்க பேசற பாஷை மச்சான். ராஜ்யம் கவுந்தா நட்சத்திரம் விழுந்துச்சுன்னு சொல்லுவாங்க."

"ஒத்து வந்தா வசனம், ஒத்து வரலைன்னா பாஷை. நல்லா இருக்கு!"

"நீங்க மட்டும்? இஸ்ரேல் நாடு உருவானதுலேருந்து ஒரு தலைமுறைக்குள்ள முடிவுன்னீங்க. தலைமுறைன்னா நாப்பது வருஷம்னீங்க, தாண்டிப் போச்சு. எழுபதுன்னீங்க, அதுவும் போச்சு. இப்ப எண்பதுங்கறீங்க. உங்க கடை டப்பாவுலகூடத் தேதியை இப்படித் தள்ளிப் போட்டு ஒட்டமாட்டீங்க."

அண்ணி தட்டுகளை அடுக்கிக்கொண்டே போனாள். "யாரு சொல்றது சரின்னாலும் பாத்திரம் கழுவப்போறது நான்தான். தண்ணி நிக்கறதுக்குள்ள அந்த டம்ளரைக் குடுங்க."

அண்ணன் மகள் தொட்டிலின் ஓரத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அகலத்தைவிட இரண்டு மடங்கு துணி வேண்டும், மடிப்பு அழகாக விழ. மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணன் அதைச் சொன்னார்.

"அதெல்லாம் சரி மாப்ள. எல்லாம் அப்பவே நிறைவேறிடுச்சுன்னா, நீங்க எதுக்குப் பிள்ளையே வேண்டாம்னு இருந்தீங்க? அழிவு வர்ற நாள்ல ஓட முடியாத கர்ப்பவதிங்களுக்கு ஐயோன்னு வசனம் இருக்குன்னு எங்களுக்கே பாடம் எடுத்தீங்களே! இப்ப அந்த வசனத்தை எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்திறந்து பேசாத விஷயம். என்மேல் உள்ள கரிசனத்தில் பேசவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அது ஒரு நல்ல அடியாக அண்ணன் கைக்கு வந்துவிட்டது, அடித்துவிட்டார்.

அளவு நாடா என் கையில் அப்படியே நின்றது. கணவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன், அவதான் அதைச் சுமந்தா.' எல்லோர் முன்னாலும் வேண்டாம், சமையலறையில் என் முதுகைப் பார்த்துச் சொன்னால்கூடப் போதும். அவர் கட்சி மாறிய நாளிலிருந்து அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். வரலாற்றுப் புத்தகத்தின் பக்கங்களை எனக்குப் படித்துக் காட்டினார். முற்றுகையில் ஊர் பட்ட பாட்டைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் வந்து சேரவே இல்லை.

"அது அன்னைக்கு நமக்கு இருந்த வெளிச்சம், மச்சான்," என்றார் அவர் நிதானமாக. "கிடைச்ச வெளிச்சத்துக்குத் தக்கபடி நடந்தோம். இப்ப கூடுதல் வெளிச்சம் கிடைச்சிருக்கு. ஆண்டவர் வார்த்தை பொய்க்கல. அதுதானே முக்கியம்?"

"அதைத்தான் நானும் சொல்றேன், பொய்க்கல. இன்னும் நடக்கல, அவ்வளவுதான்."

இருவருக்கும் அதில் ஒரு திருப்தி. வேறு வேறு வழியாக வந்து ஒரே கடையில் டீ குடிப்பவர்கள்போல.

நான் முக்காலியிலிருந்து இறங்கிக் கூடத்துக்குப் போனேன். நாடா கழுத்தில் தொங்கியது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டீ கேட்கலாமா என்று யோசிக்கும் பார்வை.

"அண்ணே, அந்த வசனம் இனிமேதான் நடக்கப்போகுதா?"

"ஆமாம்மா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப உள்ள உங்க பொண்ணு இருக்கா. போய் அவகிட்ட ஐயோன்னு சொல்லிட்டு வாங்க."

அண்ணன் முகம் கறுத்தது. "என்ன பேச்சு பேசற நீ? பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல!"

"வசனம்தானே அண்ணே?"

"அது பொதுவா சொன்னது..."

"எனக்கு மட்டும் தனியாச் சொன்னதா?"

அண்ணி சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றாள். நான் கணவர் பக்கம் திரும்பினேன். "நீங்க சொல்லுங்க. எல்லாம் அப்பவே முடிஞ்சுபோச்சுன்னா, ஓட முடியாம நின்னது வேற யாரோ பொம்பளைங்க. நான் இல்லையே. அப்புறம் நான் எதுக்கு..."

நாடாவைக் கழுத்திலிருந்து உருவி விரலில் சுற்றினேன். 

அவர் மிகவும் மென்மையாகத்தான் கேட்டார். "உனக்கும் சம்மதம்தானேம்மா அப்போ? ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணித்தானே முடிவெடுத்தோம்?"

ஆமாம். அதைத்தான் நானும் பல நாள் எனக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில், கட்டிலுக்கு மேலே கடைசிக் காலத்தின் அட்டவணை ஒட்டியிருந்த அந்தச் சின்ன அறையில், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். 'அந்த நாள்ல மலைக்கு ஓடுங்கன்னு சொல்றப்ப, வயித்துல பிள்ளையோட நீ எப்படி ஓடுவே? நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்?' அவர் அழுகையில் பொய் இல்லை. ஒருவர் என்னை நினைத்து அப்படி அழுதது அதுதான் முதல்தடவை. தலையாட்டினேன். கொஞ்ச காலம்தானே என்றார். கொஞ்ச காலம்தான் என்று நானும் நினைத்தேன். அந்தக் கொஞ்ச காலம் முடியும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் வந்தது. அட்டவணையில் அவர் தேதியைத் திருத்துவார். என் தலையாட்டலை மட்டும் யாரும் திருத்தக் கேட்கவில்லை. ஒருமுறை ஆட்டியது எல்லா வருடங்களுக்கும் செல்லும் என்று வைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேனோ என்னவோ. அந்தச் சந்தேகம்தான் என்னை அதிகம் எரிக்கிறது. கோபத்தை முழுசாக அவர்மேல் கொட்டவும் முடியவில்லை. முழுசாக விழுங்கவும் முடியவில்லை.

"ஆமா, சம்மதம்தான்," என்றேன்.

"பாருங்க, அவளே சொல்றா," என்றார் அவர் அண்ணனிடம். வாதத்தில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

திரும்பவும் அறைக்குள் போய் முக்காலியில் ஏறினேன். உயரத்தை அளக்க வேண்டியிருந்தது. அண்ணன் மகள் கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியில் வேதாகமத்தைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இதுவா அந்த வசனம்?" என்று வாய்க்குள்ளேயே படித்தாள். படித்து முடித்து, "பாவம்ல அவங்க?" என்றாள்.

"யாரு?"

"இந்தப் பொம்பளைங்கதான். வயித்தைத் தூக்கிக்கிட்டு எங்க ஓடறது? எனக்குப் படி ஏறவே மூச்சு வாங்குது. இயேசு பரிதாபப்பட்டுச் சொல்ற மாதிரி இருக்கு. குளிர்காலத்துல இது நடக்காம இருக்கணும்னு வேண்டிக்கங்கன்னுகூட அடுத்து சொல்றாரே." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இதுல பிள்ளை பெத்துக்காதேன்னு எங்க இருக்கு அத்தை?"

எங்குமே இல்லை. நானே அதை எத்தனை முறை படித்திருப்பேன். தெருவில் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் பஸ்ஸைத் துரத்தி ஓடினால் நம் வாயில் தானாக வருகிற அந்த ஐயோதான் அது. அந்தக் குரலை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என் கணவர் படித்துக் காட்டிய குரலிலேயே கேட்டிருக்கிறேன். அதில் அது கட்டளையாக இருந்தது.

"இல்லைதான்," என்றேன். "அந்த முனையைக் கொஞ்சம் பிடி. தரையில படற அளவு வேணுமா, ஜன்னலோட நிறுத்தவா?"

"தரை வரைக்கும் இருக்கட்டும் அத்தை."

கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்தார்.  கணவர் தோளைத் தட்டி, "அடுத்த வாரம் தானியேல் தீர்க்கதரிசி புத்தகத்தைப் பாப்போம் மாப்ள, அங்க நீங்க தப்பிக்க முடியாது," என்றார்.

ஸ்கூட்டரில் அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அண்ணனுக்கு எங்கே சரியாகப் பதில் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று. மதிய வெயிலில் தெரு காலியாக இருந்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் இழுத்து மூடியிருந்தன. நான் பின்னால் துணி மாதிரிகள் ஒட்டிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். "நான் யோசிச்சுப் பாத்தேன்," என்றார் தலையைப் பாதி திருப்பி. "இப்ப ஒரு தடையும் இல்லையே. நல்ல டாக்டரா ஒருத்தரைப் பாப்போமா?"

அவர் இதை எனக்குப் பரிசாகத்தான் கொடுக்கிறார் என்று தெரிந்தது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு மாசாமாசம் வர்றது நின்னுபோய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றேன்.

வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு மூடியிருந்த ஒரு மருந்துக்கடை ஓரமாக நிறுத்தினார்.

"ஏன் சொல்லல?"

"ஒரே வீட்டுலதான் இருக்கோம். ஒரே அலமாரிதான். ராத்திரி ராத்திரி வேர்த்து எழுந்து உக்காந்துருக்கேன். போர்வையை இழுத்து மூடிக்கிட்டு நீங்க திரும்பிப் படுத்தீங்க."

கண்ணாடியில் அவர் முகம் பாதி தெரிந்தது. உலகத்தின் எந்த மூலையில் என்ன நடந்தாலும் அதற்கு அர்த்தம் சொல்லத் தெரிந்த முகம். உதடு அசைந்தது. "தொண்ணூறு வயசுல சாராளுக்குக்கூட..." என்று தொடங்கினார்.

"வேண்டாம். சாராளை விடுங்க."

நிறுத்திக்கொண்டார். அதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்து, அதன் பட்டையைச் சரிசெய்தார், மறுபடியும் சரிசெய்தார். "நான் என்ன சொல்லணும்னு நீ எதிர்பாக்கறே?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

வாக்கியம் என் நாக்கின்மேல் தயாராக இருந்தது. எத்தனையோ மாதமாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்த வாக்கியம். எடுத்துக் கொடுத்தால் அப்படியே சொல்லிவிடுவார், அழக்கூடச் செய்வார். ஆனால் நான் கொடுத்ததை நானே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதில் எனக்கு என்ன இருக்கிறது?

"தெரியலைன்னா விடுங்க," என்றேன்.

அவர் விடவில்லை, யோசித்தார். நெற்றி சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்குப் பழக்கமானது; ஒரு வசனம் வேதத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று தேடும்போது வருவது. நான் காத்திருந்தேன். என் வெட்கக்கேடு, அப்போதும் காத்திருந்தேன். ஒரு பஸ் கடந்து போனது. மருந்துக்கடைக்காரர் வந்து பூட்டைத் திறந்து, இரும்புக் கதவைப் பாதி தூக்கி, "ஏதாவது வேணுமா?" என்று எங்களைக் கேட்டார்.

"இல்லீங்க, சும்மாதான் நின்னோம்," என்றார் என் கணவர்.

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வழக்கமாக அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். அன்று இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் கிடந்து நன்றாகச் சுட்டது. வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.