யாரும் தொடாத காப்பி

ஷிப்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது உரத் தொழிற்சாலைத் தலைமை நிர்வாகியான தன் அறையா, இல்லை பெண் கேட்டு வரும் கூடமா? தாய்மாமன் ஹாஜி மித்கால் ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஊற்றிய காப்பியை ஒருத்தர்கூட வாயில் வைக்கவில்லை. கேட்டதைக் கொடு, அப்புறம்தான் குடிப்போம் என்று அர்த்தம். குடிக்காமல் எழுந்து போனால் கரக் ஊர் முழுக்க இவன் குடும்பப் பேர் நாறிவிடும்.

கேட்டது ஒன்றுதான். ஃபாரிஸை வேலையைவிட்டுத் தூக்காதே.

ஃபாரிஸ் ஷிப்ட் மேற்பார்வையாளன். அமோனியா கசிந்தால் அலறும் மணியை அணைத்துவைத்திருந்தான். போன செவ்வாய் நிஜமாகவே கசிந்தது. நுரையீரல் வெந்து இரண்டு தொழிலாளிகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள்.

"காப்பி ஆறுது மருமகனே," என்றார் மாமா.

"ஆறட்டும்! காலையில இயக்குநர் குழுத் தலைவர் போன்ல கத்துறார். மத்தியானம் மந்திரி ஆபீஸ்ல கத்துறாங்க. இப்ப நீங்க. பதில் சொல்லணும்னா மட்டும் நான், முடிவு எடுக்கணும்னா ஊரே நாட்டாமையா?"

"அவனுக்கு நாலு புள்ளைங்கடா."

"ஆஸ்பத்திரியில கிடக்கிறவனுங்களுக்குப் புள்ளைங்க இல்லியா மாமா? சரி, உங்கள்ல ஒருத்தர் சொல்லுங்க, என் மகனை நாளைக்கே ஃபாரிஸ் கீழ வேலைக்கு அனுப்புறேன்னு. இந்த வேலைநீக்க உத்தரவை இங்கேயே கிழிச்சுப் போடுறேன்."

மாமா ஜபமாலையை உருட்டினார். வாயை அடைத்துவிட்டோம் என்று ஷிப்லிக்கு உள்ளுக்குள் ஒரு கொழுப்பு.

அப்போதுதான் மூலையில் இருந்த கிழவர் எழுந்தார். ஃபாரிஸின் அப்பா. அங்கியிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து மேசையில் போட்டார்.

"இதைக் காட்டாமலே கேட்டுட்டுப் போயிடலாம்னு பார்த்தேன். காட்ட வெச்சுட்டியே தம்பி. மணி சும்மா சும்மா அடிக்குது, மாத்துங்கன்னு என் மகன் மூணு வாட்டி எழுதினான். கீழே யார் கையெழுத்துன்னு பாரு."

ஷிப்லியின் கையெழுத்துதான். 'கப்பலில் சரக்கு ஏறின பிறகு பார்க்கலாம்.' மூன்றிலும் அதே வரி. அட பாவி ஷிப்லி, எழுதியது நீயேதானா! அணைக்கச் சொன்னது யார் என்று கத்த வாயெடுத்தான். பிறகு அந்த வரியையே மறுபடி படித்தான்.

"அவன் பண்ணது தப்புதான். தூக்கு, நான் தடுக்கல," என்றார் கிழவர். "ஆனா ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வெக்காதே. அதைத்தான் கேட்க வந்தேன்."

ஷிப்லி உத்தரவை இழுத்தான். நீக்கப்படுபவர் என்ற இடத்தில், ஃபாரிஸின் பெயருக்குக் கீழே, தன் பெயரையும் எழுதினான். மூன்று கடிதங்களையும் சேர்த்து, இயக்குநர் குழுவுக்குப் போகும் உறைக்குள் திணித்தான்.

"பைத்தியக்காரா!" மாமா எகிறினார். "ஒருத்தனைக் காப்பாத்த வந்தோம், ரெண்டு பேரும் தெருவுக்கு வந்துட்டீங்களேடா!"

பெரியவர்கள் அங்கியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். குவளைகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஃபாரிஸின் அப்பா மட்டும் திரும்பி வந்து, தன் குவளையை எடுத்து, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.