ஏழு டன்

அவரை எல்லோரும் 'பீரோ' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருஷ வேலை. லிஃப்ட் ரிப்பேரான ஒரு கட்டிடத்தில், இரும்பு பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக நாலு மாடி ஏறினார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்து, மூன்று மாதம் வீட்டோடு கிடக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். சாப்பாட்டு வேளையைத்தான் பொறுக்க முடியவில்லை. மனைவிக்கு சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட வேண்டும். விடிந்ததும் அவருக்கு ஆக்கி மூடி வைத்துவிட்டு ஓடுவாள். அந்தத் தட்டைத் திறந்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. 'தண்டச்சோறு' என்ற வார்த்தையை அதுவரை அடுத்தவர்களைப் பார்த்தே சொல்லி வந்தவர் அவர். முக்கியமாக, மனைவியின் தம்பியைப் பார்த்து. மச்சானுக்குக் கம்ப்யூட்டரில் கட்டிடப் படம் வரைகிற வேலை. "உக்காந்த எடத்துலயே உனக்கு எப்படிடா பசிக்குது?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார்.

இப்போது தானே படுத்த இடத்தில் தின்ன வேண்டியதாயிற்றே! பாதியைச் சாப்பிட்டு, மீதியை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டார். நாய்க்கு அந்த மாதம் நல்ல யோகம்.

ஐந்தாவது வாரம் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். எலும்பு சேர வேண்டிய அளவு சேரவில்லை, எடையும் ஆறு கிலோ இறங்கியிருந்தது.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"வேலை வெட்டி இல்லாதவனுக்கு எதுக்கு டாக்டர் முழுச் சாப்பாடு?"

டாக்டர் ஒரு சீட்டை எழுதி, மறுநாள் காலை வெறும் வயிற்றோடு உணவு ஆலோசனைப் பிரிவுக்குப் போகச் சொன்னார். காரில் கூட்டிப் போனதும் சக்கர நாற்காலியைத் தள்ளியதும் மச்சான்தான்.

அங்கே இருந்த அம்மாள் கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தார். பீரோவைக் கட்டிலில் படுக்க வைத்து, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்தார். மீன் தொட்டிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. கூண்டிலிருந்து ஒரு குழாய் மெஷினுக்குப் போயிற்று.

"நீங்க இழுக்கிற காத்துல எவ்வளவு ஆக்ஸிஜனை உடம்பு எடுத்துக்குதுன்னு இது அளக்கும். அதை வெச்சு உடம்பு எவ்வளவு எரிக்குதுன்னு தெரிஞ்சுடும். அரை மணி நேரம் தூங்காம, அசையாம சும்மா இருங்க. அவ்வளவுதான் உங்க வேலை."

அஞ்சு வாரமா அதைத்தானே செய்றேன் என்று நினைத்துக்கொண்டார். கண்ணை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தார். அதில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

கூண்டை எடுத்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "இதே மாதிரி நாள் முழுக்கப் படுத்திருந்தா ஆயிரத்து நானூத்தி எண்பது கலோரி."

"மெஷின்ல ஏதோ கோளாறும்மா. நான் சுண்டுவிரலைக்கூட அசைக்கலையே!"

"நீங்க அசைக்கலை. உள்ளே யாரும் லீவு போடலையே!" அவர் சிரித்தார். "மூளைக்கு அஞ்சுல ஒரு பங்கு. கல்லீரலுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. அப்புறம் இதயம், சிறுநீரகம், தசை. நாள் முழுக்க பாரம் தூக்கி நீங்க மூவாயிரம் செலவழிச்சிருந்தாலும், அதுல ஏறக்குறைய பாதி தூக்குறதுக்கு இல்லைங்க. உசிரோட இருக்கிறதுக்கு."

பீரோ தனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டார். "இதயம் எவ்வளவு பாரம் தூக்கும்?"

"நிமிஷத்துக்கு சுமார் அஞ்சு லிட்டர் ரத்தத்தைத் தள்ளும்."

மச்சான் போனில் தட்டிப் பார்த்தான். "ஒரு நாளைக்கு ஏழாயிரத்து இருநூறு லிட்டர், மாமா."

பாரம் என்றால் பீரோவுக்குக் கணக்கு வேண்டாம். லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும் ஏழு டன்! கம்பெனியின் பெரிய லாரியே ஐந்து டன்தான் தாங்கும். அதை நிரப்ப நாலு ஆட்கள் வியர்க்க விறுவிறுக்கப் பாதி நாள் பாடுபட வேண்டும். இங்கே கைப்பிடி அளவு சதை, கயிறும் இல்லாமல் தள்ளுவண்டியும் இல்லாமல், அவர் தூங்கினபோதும் கோபப்பட்டபோதும் ஐம்பத்திரண்டு வருஷமாக ஒருநாள் விடாமல் தள்ளியிருக்கிறது. நெஞ்சில் கையை வைத்தார். உள்ளே தட்டுவது தெரிந்தது.

"சோறு குறைஞ்சா அது என்ன செய்யும்?" குரல் தாழ்ந்திருந்தது.

"வேலையை நிறுத்தாது. கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். உங்க உடம்புக்கு அந்த ஆயிரத்து நானூத்தி எண்பது இன்னும் நூறு, நூத்தம்பது கூடுதலா இருந்திருக்கணும். மிச்சத்தை உங்க தசையிலேர்ந்தே பிடுங்கிக்கும். இப்ப எலும்பு கட்டுற வேலை வேற. தினம் ரெண்டாயிரத்து நூறு கலோரியாவது குடுங்க."

திரும்பும் வழியில் அவர், "மூளைக்கு எவ்வளவுன்னாங்க?" என்றார்.

"அஞ்சுல ஒரு பங்கு, மாமா."

"அப்ப பசிக்கத்தான் செய்யும்."

இருபது வருஷத்தில் மச்சானிடம் அவர் கேட்ட மன்னிப்பு அது ஒன்றுதான். அவன் ரோட்டைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

மாலையில் மனைவி வந்ததும் நாய் விஷயத்தை ஒப்புக்கொண்டார். அவள் விளாசித் தள்ளிவிட்டாள். "நான் அரக்கப் பரக்க ஆக்கி வெச்சது அதுக்கா?" அவர் தட்டை நீட்டினார். இரண்டாம் முறையும் நீட்டினார்.

எலும்பு மெதுவாகச் சேர்ந்தது. நாலாவது மாதம் ஊன்றுகோலோடு, ஆட்களை மேற்பார்வையிடும் வேலைக்குப் போனார்.

ஒரு விடுமுறை மதியம் மனைவி தரையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம், "என்ன, பகல்லயே தூக்கம்?" என்று உசுப்பிவிடுவார். அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவள் கழுத்தோரம் ஒரு நரம்பு சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. வயிறு மெல்ல ஏறி இறங்கியது. பெரிய வேலை நடக்கும் இடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் போல அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சத்தம் கேட்காமல் எழுந்து, நொண்டிக்கொண்டே போய், உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.