கீல் எந்தப் பக்கம்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒழுகியது. போன குளிர்காலத்தில் ‘துடைப்பம்’ வந்து ஊரைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் எழுத்து மேசைக்கு நேர் மேலே கூரையில் ஒரு ஈரத் திட்டு தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருத்தது. நான் பாதி எழுதிவைத்திருந்த மாபெரும் காதல் கதையின் மேல் சொட்டு சொட்டாக விழுந்தது. காதல் போயே போச்சு. மிச்சம் கிடைத்தது மேல்வீட்டு ஜன்னல்தான்.

(துடைப்பம் என்பது புயலின் பெயர். அலெக்சாண்டிரியாவில் குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வருஷா வருஷம் அதே சமயத்துக்கு, அதே பெயரோடு வந்து சேரும். துடைப்பத்துக்கு அடுத்தவன் காசிம். எங்கள் ஊரில் மாமியாருக்குப் பயப்படாதவர்கள்கூட காசிமுக்குப் பயப்படுவார்கள்.)

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

“கடலைப் பார்த்த நான்காம் மாடியில், இன்ஷிராஹ் தானே ஒரு ஜன்னலைப் போல—”

வேண்டாம். ஐம்பத்தாறு வயதுப் பெண்ணை ஜன்னலோடு ஒப்பிட்டால் அவள் படியிறங்கி வந்து என்னை ஒரு கை பார்த்துவிடுவாள். கட்டாயம் வருவாள். அவள் என் மேல்வீட்டுக்காரி.

“உப்புக் காற்று உலோகத்தை எவ்வாறு அரிக்கிறது என்பதை அறிய, முதலில் நாம்—”

இதைப் படிக்க ஆரம்பித்தவர் இரண்டாவது வரியில் தேநீர் போட எழுந்து போய்விடுவார், திரும்பி வரமாட்டார்.

“இன்ஷிராஹ் ஜன்னல் மாற்ற வேண்டியிருந்தது. எப்படிப்பட்ட ஜன்னல் என்று அவளால் முடிவுசெய்ய முடியவில்லை.”

சுமார்தான். ஆனால் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

பழைய ஜன்னல் ஸ்லைடிங். தண்டவாளத்தில் ஓடும் ரகம். கடலோர வீட்டுக்கு ஸ்லைடிங் ஜன்னல் போட்டவனை என்ன சொல்லித் திட்டினாலும் தகும். தண்டவாளத்தில் மணலும் உப்பும் அடைந்து, மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, கடைசியில் என் காதல் கதையைத் தேடி வந்தது.

“கீல் ஜன்னல்தான் சரி” என்றார் இன்ஷிராஹின் கணவர் இஸ்ஸத். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குத் தூக்கி வைக்க எதுவும் கிடைக்கவில்லை. இந்த ஜன்னலை விடுவாரா? சந்தையில் இருந்த திருகாணி, கீல், கொக்கி அத்தனையிலும் ஒவ்வொன்று வாங்கிவந்தார். கடல் தண்ணீர் பிடித்து, டீ கிளாஸ்களில் ஊறப் போட்டு, சமையலறை அலமாரியில் வரிசையாக வைத்தார். எது துருப்பிடிக்காமல் நிற்கிறதோ அதற்குத்தான் வேலை. இரும்புத் திருகாணி ஊறிய தண்ணீர் இரண்டே நாளில் நல்ல கடுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. விருந்துக்கு வந்த மச்சினன் அதை எடுத்து ஒரு வாய் குடித்தும் விட்டான்.

“சர்க்கரை கம்மியா இருக்கு” என்று மட்டும் சொன்னானாம்.*

* இன்ஷிராஹ் இதை மறுக்கிறாள். அவள் தம்பி அதைவிட மோசமாகச் சொன்னானாம், அதை எழுதக் கூடாதாம்.

கடைசியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் ஜெயித்தது. சட்டம் வெள்ளை பிளாஸ்டிக், சுற்றிலும் ரப்பர் பட்டை. உள்பக்கம் திறந்தால் இஸ்ஸத்தின் நாற்காலியில் இடிக்கும், அந்த நாற்காலி செத்தாலும் நகராது. ஆகவே வெளிப்பக்கம் திறக்கும் ஒற்றைக் கதவு. எல்லாம் முடிவாயிற்று, ஒன்றைத் தவிர.

கீல் எந்தப் பக்கம்?

4

இந்த இடத்தில் வாசகர் கொட்டாவி விடுவது தெரிகிறது. ஒரு நிமிஷம் பொறுங்கள். கதை இந்தக் கீலில்தான் தொங்குகிறது.

ஜன்னல் வடக்கே கடலைப் பார்த்தது. புயல் வருவது மேற்கிலிருந்து. கீலை மேற்குப் பக்கம் வைத்தால், புயல் கதவைத் தானே தள்ளிச் சாத்திவிடும். பத்திரம். கிழக்குப் பக்கம் வைத்தால், காற்று கதவுக்கு உள்ளே புகுந்து அதைப் பிடுங்கி, சுவரில் அறைந்து, முடிந்தால் கீழே தெருவில் போகிறவன் தலையில் போடும்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்று கேட்பீர்கள். ஜன்னல் அளவெடுக்க வந்த மேஸ்திரி பய்யூமியும் அதைத்தான் கேட்டார். அவர் எல்லாவற்றையும் மூன்று தரம் கேட்பவர்.

“மேற்கே வைங்க மேடம். ஊர் முழுக்க மேற்கேதான் வச்சிருக்கேன். ஒண்ணாவது விழுந்துச்சுன்னு கேள்விப்பட்டீங்களா?”

“போன வருஷம் மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு விழலையா?” என்றார் இஸ்ஸத்.

“அது நான் போட்டதில்ல சார். போட்டது நான்தான், ஆனா விழுந்தது அவங்க வீட்டுச் சுவரு.”

இன்ஷிராஹ் ஜன்னலுக்கு வெளியே மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள். மேற்கே, பக்கத்துக் கட்டடத்தில், அதே நான்காம் மாடியில், சற்றே முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி இருக்கிறது. கீலை மேற்கே வைத்தால், திறந்த கதவு சுவர் மாதிரி நின்று அந்தப் பால்கனியை மறைத்துவிடும்.

அது அவள் அக்கா நஜிய்யாவின் பால்கனி.

5

(இந்தப் பகுதியை எழுத வேண்டுமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். குடும்பச் சண்டையை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் தெருவே கேட்ட சண்டையில் இனி ஒளிக்க என்ன இருக்கிறது?)

நோன்பு முடியும் கடைசி நாட்களில் அக்காவும் தங்கையும் சேர்ந்து பெருநாளைக்குக் கஹ்க் என்னும் பிஸ்கட் செய்வார்கள். மாவு பிசைந்து, அச்சு வைத்து, தட்டுத் தட்டாகத் தெருமுனை அடுப்புக்குத் தூக்கிப் போய் சுட்டு வாங்கி, மேலே சர்க்கரைத்தூள் தூவுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் இன்ஷிராஹுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. “நானே வீட்டுல பண்ணிடுறேன், நீ சும்மா இரு” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கடையில் வாங்கி, தன் தட்டில் அடுக்கி, சர்க்கரைத்தூளை இரண்டு மடங்கு தூவி அனுப்பிவிட்டாள்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. நஜிய்யா தின்று பார்த்துவிட்டு, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி, “எங்க அம்மா கைப்பக்குவம் இவளுக்குத்தான் வந்திருக்கு” என்று கண்கலங்கினாள். மறுநாள் இன்ஷிராஹ் வீட்டுக் குப்பைக்கூடையில் கடை டப்பா அவள் கண்ணில் பட்டது.

ஏமாற்றியதைக்கூட மன்னித்திருப்பாள். அதற்காகத் தான் எல்லார் காதிலும் விழ அழுததை எப்படி மன்னிப்பது? பால்கனியில் நின்று அவள் போட்ட சத்தத்தில் கடலோரத்தில் தூண்டில் போட்டவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

“தப்பு என்னுதுதான். ஆனா ஊரக் கூட்டிக் கத்தினது அவ. அவதான் முதல்ல பேசணும்” என்பது இன்ஷிராஹின் கட்சி. அக்காவின் கட்சி என்னவென்று அவளிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

பேசாவிட்டாலும் இன்ஷிராஹுக்கு அக்கா வீட்டு விஷயம் எல்லாம் தெரியும். கொடியில் காயும் துணி சொல்லிவிடும். அக்காவின் மகன் குவைத்துக்குப் போனதிலிருந்து அவன் சட்டைகள் இல்லை. இப்போது கொடியில் ஒரே ஒரு ஆளின் துணிதான். அதுவும் இரண்டு நாளுக்கு ஒரு தரம். அதைப் பார்த்தால் இன்ஷிராஹுக்கு வயிற்றைப் பிசையும். பார்க்காத நாளில் இன்னும் மோசமாகப் பிசையும்.

பத்திரமான ஜன்னல் போட்டால் அந்தக் கொடி தெரியாது. இதுதான் அவளைத் தயங்க வைத்தது. ரப்பர் பட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை.

6

மேலே உள்ளதை நான் இன்ஷிராஹிடம் படித்துக் காட்டினேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

“வயித்தப் பிசையும்னு உன்கிட்ட சொன்னேனா நான்?”

“சொல்லல. நானா எழுதினது.”

“எழுத்தாளரம்மா, உன் வீட்டுல தண்ணி ஒழுகினதுக்கு என்னைப் பழி வாங்குறியா? அத அடிச்சிடு.”

“அடிச்சிட்டா நீ ஏன் கீலுக்கு இவ்ளோ நாள் யோசிக்கிறன்னு வாசகருக்குப் புரியாதே.”

“புரியாமப் போகட்டும். நான் ஒரு கிறுக்கின்னு நினைச்சுக்கட்டும், எனக்கென்ன?” பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். அப்புறம் சட்டென்று, வேறு குரலில், “ஏண்டி, கதைல அவள முதல்ல பேச வச்சிடேன். உன் கைலதானே இருக்கு” என்றாள்.

முடியும்தான். நஜிய்யா ஒரு தட்டு கஹ்க்கோடு வந்து கதவைத் தட்டினாள் என்று எழுதக் காசா பணமா? எழுதியும் பார்த்தேன். “கதவு தட்டப்பட்டது. திறந்தால் அக்கா. இருவர் கண்களிலும்—” அடுத்த வார்த்தையை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன். நஜிய்யாவைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள்.

7

பய்யூமி ஜன்னலைக் கொண்டுவந்தார். காசிம் வர ஒரு வாரம் இருந்தது. மேற்குக் கீல் என்றுதான் இன்ஷிராஹ் கடைசியில் சொல்லியிருந்தாள். மழைத்தண்ணி ஒழுகுவது நிற்கட்டும், கீழ்வீட்டுக்காரி புலம்பலும் நிற்கட்டும் என்றாளாம். (கீழ்வீட்டுக்காரி நான்தான். புலம்பவில்லை. அடிக்கடி எடுத்துச் சொன்னேன்.)

பழைய ஜன்னலைப் பெயர்த்தார்கள். சுவரில் பெரிய ஓட்டை. வெளியே கடல், மேற்கே பால்கனி, பால்கனியில் நஜிய்யா. துணி உதறிக்கொண்டிருந்தவள் ஓட்டையைப் பார்த்தாள், ஓட்டைக்குள் நின்ற தங்கையைப் பார்த்தாள். கையிலிருந்த தலையணை உறையை மறுபடி உதறினாள். அதில் உதற ஒன்றும் இல்லை.

இன்ஷிராஹ் திரும்பினாள்.

“மேஸ்திரி, கீலைக் கிழக்கே மாத்திப் போடு.”

“என்னது? மேடம், காசிம் வர்றான் மேடம்! ஒரே அடி, கதவு கடல் தாண்டி சைப்ரஸ்ல போய் விழும்.”

“இன்ஷி, யோசிச்சுப் பேசு” என்றார் இஸ்ஸத். “அவன் சொல்றது சரிதான். காசிம்…”

“காசிம் வருஷத்துக்கு ரெண்டு நாள் வருவான். அவ வருஷம் பூரா இருக்கா.”

இஸ்ஸத் துளை போடும் மெஷினை மேஸ்திரியிடம் நீட்டினார். சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி, பழைய துளைகளை அடைத்து, புதிதாகத் துளைத்து, பய்யூமி மத்தியானம் வரை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். விழுந்தால் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார்.

8

காசிம் சொன்ன நாளுக்கு வந்தான். பகல் சாப்பாட்டு நேரம். இஸ்ஸத் காபிக் கடையில் மாட்டிக்கொண்டார். வானம் கறுத்து, கடல் சாலைக்கு மேல் ஏறி வந்தது. அப்போது மேலே ‘படார்’ என்றது. மறுபடி ‘படார்’.

புது ஜன்னல். கைப்பிடி திருகப்படவில்லை.

(காசிம் வருகிறான் என்று தெரிந்தும் இந்த ஊரில் ஒருத்தி கைப்பிடியைத் திருக மறப்பாளா? “மறந்துட்டேன்” என்கிறாள் இன்ஷிராஹ். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.)

காற்றையும் மீறி ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குக் காசிமெல்லாம் ஒரு பொருட்டா?

“அடியே இன்ஷிராஹ்! ஜன்னல்! ஜன்னல்டி!”

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் காலடி. நான் என் கதவைத் திறந்துவைத்திருந்தேன், தொழில் அப்படி. நஜிய்யா வந்தாள். தொப்பலாக நனைந்து, சட்டைக் கழுத்தைச் சுற்றித் துணி மாட்டும் கிளிப்புகளோடு, முட்டியைப் பிடித்துக்கொண்டு.

“பாத்தியா இவள? ஜன்னல் வாங்கத் தெரியுது, சாத்தத் தெரியல!”

“கை கொடுக்கட்டுமா?”

“நீ போய்ப் பானையை வை. உன் கூரை திரும்ப ஒழுகப் போகுது.”

மேலே போனாள். கேட்டது இவ்வளவுதான்: “இழு!” “இழுக்கிறேன்ல!” “அங்க பிடிச்சா எப்படிடி வரும், இங்க பிடி!” “உன் முட்டிய எடு முதல்ல!” அப்புறம் ஒரு ‘க்ளக்’. கைப்பிடி திருகப்பட்டது. ரப்பர் பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நல்ல ஜன்னலாகப் பார்த்து வாங்கு என்று அவளை நச்சரித்தது நான்தான், இப்போது என் கதையின் முக்கியமான இடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. மேலே போகலாமா என்று இரண்டு தரம் படியில் கால் வைத்தேன். போகவில்லை. இஸ்ஸத் திரும்பி வரும்வரை நஜிய்யா இறங்கி வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

9

வெள்ளிக்கிழமை இருவரும் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எழுதிக்கோ” என்றாள் இன்ஷிராஹ். “முதல்ல பேசினது அவ.”

“நான் எங்க இவகிட்ட பேசினேன்? ஜன்னல்கிட்டதான் பேசினேன்.”

“ஜன்னலுக்குப் பேர் இன்ஷிராஹா?”

“யார் வீட்டு ஜன்னல்னு சொன்னேன். விலாசத்துக்கு.”

“அப்போ படியேறி வந்தியே?”

“வந்தேன். வாயத் திறந்தேனா? ‘இழு’ன்னு முதல்ல சொன்னது நீ.”

“கேட்டியா எழுத்தாளரம்மா? ‘இழு’ங்கிறதெல்லாம் பேச்சா?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா முறைத்தாள், தங்கை கெஞ்சினாள். யார் முதலில் பேசியது என்று நான் எழுதிவிட்டால் அதுதான் முடிவு, அச்சில் வந்துவிடும், அப்பீல் கிடையாது.

அதன் பிறகு தினமும் காலையில் அந்த ஜன்னல் திறக்கிறது. இவள் இங்கிருந்து ஒன்று சொல்ல, அவள் அங்கிருந்து ஒன்று சொல்ல, துணி காயும்வரை இதே வழக்குதான். நான் முடிவு எழுதினால் ஒருத்தி ஜெயித்துவிடுவாள். தோற்றவள் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். இன்னொரு தரம் அந்த இரண்டு பேரும் ஊமையாவதை என்னால் தாங்க முடியாது. அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை.

முதலில் பேசியது யாரென்று உங்களுக்குத் தெரியும், எல்லாம் மேலேயே இருக்கிறது. உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு வழியாகப் போகும்போது நான்காம் மாடியிலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்டால், கீழ்வீட்டு எழுத்தாளரம்மா இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.