வண்டியிலிருந்து வந்த கரண்ட்

ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். மின்விசிறி மெல்லச் சுற்றி அடங்கியது. பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அருண்பாண்டி, கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

சமயநல்லூர் பக்கம் அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்களாம். சாவு வீட்டில் யார் பேப்பர் பார்க்கிறார்கள்.

கண்ணாடிக்குக் கீழே அவன் அப்பா தங்கப்பாண்டி படுத்திருந்தார். ஐம்பத்தொன்பது வயது. முப்பது வருஷம் அரிசி குடோனில் மூட்டை தூக்கியவர். இடுப்பு விட்டுப்போன பிறகு, பழைய எலக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். முந்தின நாள் மத்தியானம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே, வந்தவர்கள் சாப்பிட்டு வரட்டும் என்று வண்டிக்குள் காத்திருந்தார். அவர்கள் வந்து கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. வெயில் தாக்கி இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். நாலு கண்ணாடியும் இறக்கித்தான் இருந்தது. ஏசி போடவில்லை.

அருண்பாண்டியின் தங்கை முத்துமீனா மஸ்கட்டில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலையில் இருக்கிறாள். அப்பாவை நேரில் பார்த்து இரண்டு வருஷம். விமானம் மதுரையில் இறங்க மூன்று மணி, வீடு வந்துசேர நாலு ஆகும். அவள் வந்து அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுக்கக்கூடாது என்று அம்மா சீனியம்மாள் ராத்திரியிலிருந்து இந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா கருப்பு பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வெக்கைக்குத் தாங்காதுப்பா. பன்னெண்டுக்கு எடுத்துருவோம். புள்ள போன்ல பாத்துக்கிரட்டும்."

அம்மா உள்ளங்கையைக் கண்ணாடிமேல் வைத்தபடி இருந்தாள்.

அருண்பாண்டி ஜெனரேட்டருக்கு நாலு இடத்தில் போன் போட்டான். முகூர்த்த நாள். எல்லாம் மண்டபங்களுக்குப் போய்விட்டது. ஒருவன் மட்டும் ராத்திரி ஏழுக்குமேல் தருகிறேன் என்றான்.

அப்போதுதான் கிளமெண்ட் சார் மாலையோடு வந்தார். ஆனையூர்க்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். அப்பாவுக்குக் காரை விற்றவர் அவர்தான்.

விற்ற அன்றைக்கு நடந்ததை இந்தத் தெருவே பார்த்தது. மூன்று வருஷம் ஓடிய வண்டி, பேட்டரி நூற்றுக்கு எண்பத்தெட்டு நன்றாக இருக்கிறது என்று கிளமெண்ட் சார் ஒரு சீட்டைக் காட்டினார். அப்பா சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பாரம் தாங்குமா தாங்காதா என்பது தூக்கினால்தான் தெரியும் என்பது குடோன்காரர்களின் கணக்கு. பின் சீட்டிலும் டிக்கியிலும் எட்டு உப்பு மூட்டையைக் குடோன் ஆட்களை விட்டு ஏற்றினார். திருப்பரங்குன்றம் வரை போய்த் திரும்பி வந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். கிளமெண்ட் சார் வண்டி உட்கார்ந்த கோலத்தைப் பார்க்கமுடியாமல் டீக்கடைக்குப் போய்விட்டார்.

பாரம் தாங்கியது. ஆனால் ஆயுள் எத்தனை வருஷம் என்பதை எதை ஏற்றிப் பார்ப்பது? கேரண்டி முதலில் வாங்கியவருக்குத்தான் என்றார்கள். புது பேட்டரியின் விலையைக் கேட்ட அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு அப்பா எண்பதைத் தாண்டிச் சார்ஜ் ஏற்றமாட்டார். இருபதுக்குக் கீழே விடமாட்டார். ஆள் ஏறினால்தான் ஏசி. ஆள் இறங்கிய நொடி அதை அமர்த்திவிடுவார்.

அம்மாவும் தினம் காலையில் தூக்குவாளியைக் கொடுக்கும்போது சொல்லுவாள்: "சும்மா நிக்கையில ஏசியப் போட்டுக்கிட்டு ஒக்காந்துராத. பேட்டரி போச்சுன்னா வீடு போச்சு."

கிளமெண்ட் சார் மாலையைப் போட்டார். உறுமாத பெட்டியைப் பார்த்தார். பெரியப்பா சொன்னதைக் கேட்டார். பிறகு அருண்பாண்டியை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வண்டியில இருந்தே கரண்ட் எடுக்கலாம். சார்ஜ் போடுற வாயில அடாப்டர் ஒண்ணு மாட்டணும். அது எங்க வீட்லயே தங்கிருச்சு, ஒங்கப்பாட்ட குடுக்க மறந்துட்டேன். எடுத்துட்டு வாரேன்."

"எம்புட்டு நேரம் தாங்கும் சார்?"

"தெரியல. நான் ஒரு நாளும் போட்டுப் பாத்ததில்ல."

அவர் ஆனையூர் போய்த் திரும்பும்போது மணி பத்தை நெருங்கியிருந்தது. பெட்டியின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து பாய் நனைந்திருந்தது. அருண்பாண்டி வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தினான். சீட்டில் அப்பாவின் துண்டு கிடந்தது. வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு போட்டிருந்தது. மடித்து ஓரமாக வைத்தான். அடாப்டரைச் சொருகி, பந்தல்காரனின் நீள ஒயரை அதில் மாட்டியதும் பெட்டி ஒரு தடவை குலுங்கி உறுமத் தொடங்கியது. ராத்திரி வண்டியைக் கொண்டுவந்தவர்கள் சார்ஜில் போட்டிருந்ததால் திரையில் எண்பத்தொன்று என்று இருந்தது.

"இது எறங்கிட்டா பெறகு நான் யாரு பேச்சையும் கேக்கமாட்டேன்" என்றார் பெரியப்பா.

அருண்பாண்டி டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். துக்கத்துக்கு வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அப்பாவோடு மூட்டை தூக்கிய சின்னான் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"பேட்டரிக்குத் தலவலின்னாக்கூடத் தைலம் தேச்சுவிடுவான்டா ஒங்கப்பன்" என்றார். "ஒருநா என்னயக் கூட்டிட்டுப் போனான். அவிஞ்சுபோச்சு. ஏசியப் போடுடான்னா, காசு குடுத்து ஏறு போடுறேங்குறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பதினொன்றுக்கு எண்பது. பன்னிரண்டுக்கு எழுபத்தெட்டு. பெரியப்பா வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார். திரை ஓடாமல் நின்றுவிட்டதோ என்று அருண்பாண்டிக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே போய்ப் பெட்டியைத் தொட்டான். சில்லென்றுதான் இருந்தது. இரண்டு மணிக்கு எழுபத்தைந்து.

கிளமெண்ட் சார் வேப்பமர நிழலில் நின்றிருந்தார். அருண்பாண்டி இறங்கி அவரிடம் போனான்.

"சார், நிப்பாட்டி வச்சு ஏசி போட்டா எம்புட்டு இழுக்கும்?"

"இதவிடக் கூடத்தான் இழுக்கும். மணிக்கு மூணோ நாலோ கொறையும். ஆனா அதனால பேட்டரி ஆயுசுக்கு ஒண்ணும்…"

அவர் நிறுத்திக்கொண்டார். அப்பா மண்டபத்து வாசலில் காத்திருந்தது ஒன்றரை மணி நேரம். இரண்டு பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாலே காலுக்கு முத்துமீனா வந்தாள். விமான நிலையத்திலிருந்து வந்த வண்டி தெருமுனையில் நிற்பதற்குள் இறங்கி ஓடிவந்தாள். பெட்டிமேல் விழுந்தாள். வெளிக்காற்று பட்டுக் கண்ணாடி பூத்திருந்தது. துப்பட்டாவால் துடைத்தாள், மறுபடி பூத்தது, மறுபடி துடைத்தாள். பிறகு பெரியப்பா மூடியைத் திறக்கச் சொன்னார். அவள் அப்பாவின் கன்னத்தில் கையை வைத்தாள். அம்மா அப்போதுதான், முந்தின நாளுக்குப் பிறகு, வாய்விட்டு அழுதாள்.

அரை மணி நேரம் விட்டார்கள். வெளியே கொட்டுக்காரர்கள் கொட்டைத் தீயில் சூடு காட்டினார்கள். நேரமாச்சுப்பா, அமத்திட்டு வா என்று பெரியப்பா சொன்னார்.

அருண்பாண்டி வண்டிக்குப் போனான். திரையில் எழுபத்திரண்டு இருந்தது. அமர்த்தினான். உள்ளே உறுமல் நின்றது.

அவன் திரும்பி வந்தபோது அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத மாதிரி கேட்டாள்.

"எம்புட்டுய்யா கொறஞ்சிருக்கு?"

அருண்பாண்டி அவள் முகத்தைப் பார்த்தான்.

"பாதிக்கு மேல போயிருச்சும்மா. கொஞ்சந்தான் கெடக்கு."

"இந்தச் சின்னப் பெட்டிக்கே அம்புட்டா?"

"ஆமாம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். "அதுக்குத்தானய்யா நான் சொன்னது" என்றாள்.

"ஆமாம்மா."

வாசலில் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்த கிளமெண்ட் சார் நிமிர்ந்து உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து, மீதி ஒயரைச் சுற்றத் தொடங்கினார்.