தேய்ந்த முழங்கால்

அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் கற்பெண் வணங்கப்பட்டவளா, வெறும் அலங்காரமா என்று ஆய்வாளர் மாலைக்குள் எழுதித் தர வேண்டும். அலங்காரம் என்றால் சிலை கிடங்குக்குப் போய்விடும். முகமும் பாதமும் தேயவில்லை. இடது முழங்கால் மட்டும் வழவழவென்றிருந்தது.

“கும்பிடுறவங்க முழங்காலையா தொடுவாங்க?” என்று, சாப்பாடு கொண்டுவந்த கணவரிடம் கேட்டாள். அவர் மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி தருபவர்.

“தொடலம்மா, பிடிச்சிருக்காங்க. மண்டிபோட்டு எழுந்து பாரு.”

“ஆராய்ச்சி பண்றது நீங்களா, நானா?” என்றபடியே சிலை முன் மண்டியிட்டாள். எழும்போது கை தானாகவே அந்த வழவழப்பைப் பற்றிக்கொண்டது.

‘வணங்கப்பட்டவள்’ என்று எழுதினாள். “இத்தனை பேர் என்னதான் கேட்டிருப்பாங்க?”

“நீ என்ன கேட்ட?”

“இவங்க கிடங்குக்குப் போகக் கூடாதுன்னு” என்றவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.