சுருதி விலகிய குரல்

எங்கள் செயலியின் வெளியீட்டுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடிதான் எங்கள் அலுவலகம். என்னுடன் வேலை செய்யும் ஹெலனின் அப்பா ஆரோக்கியசாமி ஹெட்போனும் கையுமாகப் படியேறி வந்தார்.

"ஏம்மா தாரணி, பாட்டுல எனக்கு மட்டும் ஆப்சென்ட் போட்டுட்டீங்களா?"

பாடற்குழுவில் ஒவ்வொருவரும் தம் போனில் பாடி அனுப்பினால், எங்கள் செயலியின் ஒரே பொத்தான் எல்லாக் குரல்களையும் ஒரே பாட்டாக்கிவிடும். சுருதி விலகும் குரலைத் தாழ்த்தும். மிகவும் விலகினால் அடக்கிவிடும். எந்தக் குரல் எவ்வளவு விலகியது என்று காட்டும் வரைபடம் முதலில் திரையிலேயே இருந்தது. "பாடுறவங்களுக்கு கிராஃப் எதுக்கு?" என்றார் எங்கள் மேலாளர் விஜய்குமார். இயற்பியல் படித்த எனக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் வாய் திறக்காமல் உள்பக்கம் ஒன்றில் ஒளித்துவைத்தேன்.

ஹெலன் தன் அப்பா பாடும் தேவாலயப் பாடற்குழுவை வைத்துத்தான் செயலியைச் சோதித்திருந்தாள்.

விஜய்குமார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முகம் வெளுத்தது.

"அங்கிள் குரல் சுத்தமா இல்ல. ஒரு ஆளையே முழுங்கிடுச்சு! தாரணி, இது உன் வேலைதானே? ரிலீஸை நிறுத்து. நாளையிலிருந்து நீ வர வேணாம்."

அந்த உள்பக்கத்தைத் திறந்தேன். மற்ற கோடுகள் எல்லாம் ஒட்டி ஓடின. ஒன்று மட்டும் தொடக்கத்திலிருந்தே கீழே, தனியாக. செயலி தவறவில்லை. திடுக்கிட்டு ஹெலனைப் பார்த்தேன். அவள் முகத்தில் வியப்பே இல்லை.

"அது என்னம்மா கோடு?" என்றார் ஆரோக்கியசாமி.

நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொள்ள, அவர் விஜய்குமாரைப் பார்த்தார்.

"விடுங்க சார், சின்னப் பொண்ணு. ஏதோ தப்பு பண்ணிடுச்சு, வேலையை விட்டெல்லாம் அனுப்பாதீங்க. சனிக்கிழமை என் பெரிய பொண்ணு கல்யாணப் பூசையில நான்தான் தனியா பாடுறேன். அதை மட்டும் ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தா போதும்."

"சொல்லு தாரணி, எங்க தப்பு?" என்றார் விஜய்குமார்.

ஹெலன் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவ மேல தப்பு இல்ல சார்." அப்பாவிடம் திரும்பினாள். "டாடி, உங்களுக்குச் சுருதி சேராது. என்னைக்குமே சேர்ந்ததில்ல. கொயர்ல எல்லாருக்கும் தெரியும். மம்மிக்கும் தெரியும்."