பிஸ்தா சாப்பிடவில்லை

பதினோரு வருடம் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்று, வேலை முடிந்து போகிற பெண்களின் பையைத் திறந்து பார்த்தவள் நான். ஷிப்ட் விட்டு வருகிற முந்நூறு பேரில் யார் எதை மறைக்கிறாள் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவேன். என்னைப் பார்த்ததும் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினால் அதற்கு ஒரு அர்த்தம். தேவைக்கு மேல் சிரித்தால் அதற்கு இன்னொரு அர்த்தம். வேலையை விட்டபோது தொப்பியையும் பெல்ட்டையும் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கண்ணைக் கேட்பார் யாருமில்லை, அதனால் கூடவே வந்துவிட்டது.

இப்போது திருநின்றவூரில் ‘செல்லக் காவல்’ என்று ஒரு தொழில் நடத்துகிறேன். வேலைக்கோ வெளியூருக்கோ போகிறவர்களின் நாய், பூனைகளை அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம். எங்கள் ஆள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சாப்பாடு வைத்து, நடக்கக் கூட்டிப்போய், வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு வருவாள். சாவியெல்லாம் என் பொறுப்பு. இது நம்பிக்கையில் நடக்கிற தொழில் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன். ஆனால் நாற்பது வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு தூங்குகிறவளுக்குப் புத்தி மட்டு என்பது என் கட்சி.

அதனால் சட்டதிட்டம் எழுதி, லேமினேட் செய்து, ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறேன். வைத்த சாப்பாட்டைப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எறும்பு வரும். வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் கூடச் சாப்பிடக் கூடாது. இரண்டாவது விதியை மீறினால் வேலை போய்விடும் என்று சிவப்பு மையில் போட்டிருந்தேன்.

ஏஞ்சல் என்னிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். கடம்பத்தூரிலிருந்து ரயிலில் வருவாள். இருபத்தாறு வயது, அதிகம் பேச மாட்டாள், நாய்களோடு மட்டும் பேசுவாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருக்கிற சந்திரமோகன் சாரின் வீடு அவள் பொறுப்பு. அவரும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒன்பது வயது லாப்ரடார் ஒன்று வீட்டில் தனியாக இருக்கும். பெயர் பிஸ்தா. ஒன்றரை வருடம் தினமும் மதியம் அதற்குச் சாப்பாடு வைத்தவள் ஏஞ்சல்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சார் ஹாலில் கேமரா மாட்டினார். மூன்றாம் நாளே எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். சத்தம் பதிவாகாத கேமரா. அதில் ஏஞ்சல் பிஸ்தாவின் தட்டை மூலையில் வைக்கிறாள். பிறகு கேமராவுக்கு முதுகைக் காட்டித் தட்டுக்கு முன்னால் உட்காருகிறாள். பைக்குள் கையை விட்டு எதையோ எடுக்கிறாள். குனிகிறாள். அரை நிமிடம் அப்படியே குனிந்திருக்கிறாள். நாயும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அவள் நிமிர்ந்த பிறகுதான் நாய் தட்டில் வாயை வைக்கிறது. வீடியோ அத்தோடு முடிகிறது.

“தூக்க மாத்திரை கலக்குறாளா மேடம்? அவ போன பிறகு இவன் சாயந்தரம் வரைக்கும் தூங்குறான்” என்று கேட்டார்.

நான் அந்த வீடியோவை இருபது முறையாவது பார்த்திருப்பேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தது ஒன்றே எனக்குப் போதும். மறைக்க ஒன்றும் இல்லாதவள் எதற்கு முதுகைக் காட்டுகிறாள்?

மறுநாள் அவளைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினேன்.

“தட்டுல இன்னாம்மா போட்ட?”

“ஒண்ணும் போடலக்கா.”

“பையிலருந்து இன்னா எடுத்த?”

அவள் தோளில் மாட்டியிருந்த பையை இழுத்து மடியில் வைத்து, அதன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வேறு சாட்சி எதற்கு? அன்றே நீலச் சட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். அத்தோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. எங்கள் வாடிக்கையாளர் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அவள் போட்டோவைப் போட்டு எழுதினேன்: ‘இவர் இனி எங்கள் ஊழியர் அல்ல. எந்த வீட்டுக்குள்ளும் விட வேண்டாம். உங்கள் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம்.’ கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நிறைய பேர் கைகூப்பினார்கள்.

அதன் பிறகு சார் வீட்டில் அவர் மனைவி லீவு போட்டு நாயைப் பார்த்துக்கொண்டார். போன வாரம் மச்சினி கல்யாணத்துக்கு எல்லாரும் மலேசியா போக வேண்டியிருந்தது. பத்து நாள். பிஸ்தாவை மறுபடி என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் புதிதாகச் சேர்ந்த அஸ்வினியை அனுப்பினேன்.

முதல் நாள் பிஸ்தா சாப்பிடவில்லை. வீட்டுக்காரர்களைத் தேடுகிறது என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் சாப்பிடவில்லை. கோழியை வேகவைத்துப் போட்டாள், தயிர்ச் சோறு பிசைந்து வைத்தாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வாயிலிருந்து எச்சில் ஒழுக, அஸ்வினியின் முகத்தையே பார்த்ததாம். பதினைந்து நிமிடம் ஆனதும் இவள் சட்டப்படி தட்டை எடுத்துக் கழுவியிருக்கிறாள். வெறும் தண்ணீர் மட்டும்தான் உள்ளே போனது. மூன்றாம் நாள் காலையில் டாக்டரைக் கூட்டிவந்தேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் இந்த வயதில் இன்னொரு நாள் பட்டினி கிடந்தால் உடம்பு தாங்காது, நாளைக்கு ட்ரிப்ஸ் ஏற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலேசியாவிலிருந்து சார் போனில் கத்தினார். அவனுக்கு ஏதாவது ஆனால் குரூப்பில் எழுதுவேன் என்றார். அவர் எழுதினால் என் தொழில் அன்றோடு சரி. அந்த நாயின் முகமும் கண்ணை விட்டுப் போகவில்லை.

போனை வைத்ததும் எனக்கு எல்லாம் ‘தெளிவாக’ விளங்கியது. ஏஞ்சல் ஒன்றரை வருடம் எதையோ கலந்து பழக்கிவிட்டாள். அது இல்லாமல் இப்போது சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. சார் வீட்டுக் காலனி வாட்ச்மேனிடம் அவளைப் பற்றி விசாரித்தேன்.

“அந்தப் பொண்ணு போன வாரங்கூட வந்துச்சு மேடம். குரூப்புல நீங்க போட்ட போட்டோவ சார் எனக்கும் அனுப்பியிருந்தாரு. அதக் காட்டி, போம்மான்னு அனுப்பிட்டேன்” என்றார்.

போன வாரம் வந்தாளா? சார் ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில்? நான் நேராக ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினேன்.

கடம்பத்தூரில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தாள். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டாள்.

“பிஸ்தா சாப்பிட மாட்டேங்குது” என்றேன், அவள் முகத்தையே பார்த்தபடி.

“எத்தினி நாளா?”

“மூணு நாளா. டாக்டர் கிட்ட சொல்லணும். இன்னா கலந்தன்னு நெசத்தச் சொல்லிடு. போலீசு கேசுன்னு போகாம நான் பாத்துக்கறேன்.”

“ஒண்ணுமே கலக்கலக்கா. சத்தியமா.”

“அப்ப பையிலருந்து இன்னாதான் எடுத்த? அன்னிக்கும் கேட்டேன். அன்னிக்கும் இப்டித்தான் முழிச்சிக்கினு இருந்த.”

அவள் உள்ளே போனாள். அந்தப் பழைய பையை எடுத்துவந்து, அதிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து என் கையில் வைத்தாள். மூடி நசுங்கிய சின்ன எவர்சில்வர் டப்பா.

“இத்தத்தான் எடுத்தேன். என் சோறு. காத்தால ஆறு மணிக்கு ரயிலேறி மூணு ஊட்டு வேலை பாக்கணும். எங்க உக்காந்து துன்றது? ரோட்ல நின்னுக்கினா? பிஸ்தாவுக்கு வச்சிட்டு, அது கூடவே உக்காந்து நானும் ரெண்டு வாய் சாப்ட்டுக்கினு இருந்தேன். ஊட்ல சாப்ட்டா வேலை போயிடும்னு நீங்கதான் செவப்புல எழுதிக்கீறீங்களே. அதான் கேமராவுக்கு முதுக காமிச்சேன்.”

நான் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது.

“போன வாரம் காலனிக்கு எதுக்கு வந்த?”

“பன்னெண்டாம் நம்பர் ஊட்ல சமையலுக்கு ஆள் கேட்டாங்க. வாட்ச்மேன் என் போட்டோவ எனக்கே காமிச்சாரு.” சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். “வாங்க, போலாம். மூணு நாள்னா அது தாங்காதுக்கா.”

நான் சந்தேகத்தைக் கையோடு கொண்டுதான் வந்தேன். ரயிலில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, பையை என் மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். எதையும் எடுத்து மறைக்கக் கூடாதல்லவா?

சார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. உள்ளே அஸ்வினி தட்டை வைத்துவிட்டு மணி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவை முழுவதும் திறந்தேன். ஏஞ்சல் போர்டிகோ படியிலேயே நின்றுவிட்டாள்.

“உள்ள வா” என்றேன்.

“வேணாங்க்கா. எந்த ஊட்டுக்குள்ளயும் உடாதீங்கன்னு நீங்கதான போட்டீங்க. நாளைக்கு ஒண்ணு காணலன்னா என்னத்தான் கேப்பீங்க.”

படியிலிருந்தே எட்டிப் பார்த்தாள். பிஸ்தா இவளைக் கண்டதும் வாலைத் தரையில் அடித்தது. ஆனால் தட்டை விட்டு எழுந்து வரவில்லை. மூன்றே நாளில் வயிறு ஒட்டிப்போயிருந்தது. தாடையிலிருந்து எச்சில் கம்பியாக இறங்கிக்கொண்டிருக்க, தட்டைப் பார்க்காமல் இவளையே பார்த்தது.

“அய்யோ, எப்டி ஆயிட்டான்” என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே தலையைக் குனிந்து, முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். “ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இந்தப் பிள்ளைய சாப்பிட வைங்க. இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்.”

ஆமென் என்றதும் பிஸ்தாவின் தலை தட்டுக்குள் போனது. சோறு நாலாபுறமும் சிதற, தட்டு தரையில் தேய்ந்து நகர, அது பாட்டுக்குத் தின்றது. அஸ்வினி வாயைப் பிளந்தாள். ஏஞ்சலும் கண்ணைத் திறந்து அப்படியே நின்றாள். அவளுக்கே தெரிந்திருக்கவில்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

அப்போதும் எனக்குப் போதவில்லை. இன்னொரு கரண்டி கோழிச் சோறு போட்டு அஸ்வினியை வைக்கச் சொன்னேன். பிஸ்தா உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. “சாப்டுடா” என்றேன். அசையவில்லை. “துன்னு” என்றாள் அஸ்வினி. ம்ஹூம். கடைசியில் நானே, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள், தொண்டையைச் செருமிக்கொண்டு “ஆமென்” என்றேன். தின்றது.

“எங்க ஊட்ல ஜெபம் பண்ணாம தட்டுல கை வைக்க மாட்டோம். பழக்கம்க்கா. என் டப்பாவத் தொறக்க சொல்லோ கொஞ்சம் சத்தமாவே சொல்லிக்குவேன், வேற யாரு கீறாங்க ஊட்ல? அதுவும் முடியற வரிக்கும் பாத்துக்கினு இருக்கும். நல்ல புள்ளன்னு நெனச்சேன்” என்றாள்.

நீலச் சட்டை போட்டவள் தட்டை வைத்தால், அந்தச் சொல் வரும்வரை தொடக் கூடாது என்று ஒன்றரை வருடத்தில் அது கற்றுக்கொண்டிருக்கிறது. அஸ்வினிக்கு அந்தச் சொல் தெரியாது. பொறுத்துப் பார்க்கலாம் என்றால் என் பதினைந்து நிமிடச் சட்டம் தட்டைத் தூக்கிவிட்டது. வீடியோவில் நான் இருபது முறை பார்த்தது, ஒரு பெண் சாப்பிடும் முன் தலை குனிந்ததைத்தான். அவமானத்தில் என் காது சுட்டது. அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் “நாளைக்கே வேலைக்கு வந்துடு” என்றுதான் வாய் சொன்னது.

“வேலை வேணாங்க்கா. அந்தக் குரூப்புல என் போட்டோ கீது பாருங்க, அதுக்கு மட்டும் ஒரு பதில் போட்டுடுங்க. அது போதும். அது இருக்கற வரிக்கும் எனக்கு எங்கயும் கதவு தொறக்காது.”

படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். ‘ஏஞ்சல் மேல் நான் சொன்னது தப்பு. அவர் எதையும் கலக்கவில்லை. முழுத் தப்பும் என்னுடையது. அவரை நம்பி வீட்டுக்குள் விடலாம்.’ ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு, மனசு கொஞ்சம் லேசாக, அனுப்பினேன்.

முதல் பதில் உடனே வந்தது. ‘மேடம், இது நீங்களே எழுதியதா?’

இரண்டாவது: ‘அந்தப் பெண் மிரட்டுகிறாளா? ஆபத்து என்றால் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்.’

மலேசியாவிலிருந்து சந்திரமோகன் சார்: ‘சாப்பிட்டானா? கடவுளே, நன்றி. ஆனால் பாருங்கள் மேடம், அவள் வந்தால்தான் சாப்பிடுவான் என்று பழக்கி வைத்திருக்கிறாள். உஷார்.’ அதன் கீழே யாரோ என் பழைய வரியையே எடுத்துப் போட்டிருந்தார்கள்: ‘பாதுகாப்புதான் முக்கியம்.’ அதற்கு நிறைய பேர் கைகூப்பினார்கள்.

“இன்னாக்கா சொல்றாங்க?” என்று ஏஞ்சல் கேட்டாள்.

நான் போனை அணைத்துப் பையில் போட்டேன். பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

“எல்லாம் நல்லாத்தாம்மா சொல்றாங்க” என்று சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.